தொண்டையின் நிறம்

செஞ்சி,
4 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு சுமலதா எழுதுவது. இங்கே அத்தையின் முழங்காலைத் தவிர, பிள்ளைகள் உட்பட எல்லோரும் சௌக்கியம். அவலூர்பேட்டையில் அம்மாவும் நைனாவும் நன்றாக இருக்கிறார்கள். போன அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூர் போய், கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாள். நீ எப்படி இருக்கிறாய்? டவர்கூட இல்லாத அந்த அருணாசலப் பிரதேசக் காட்டில், பறவை ஆய்வு முகாமில் என்ன சாப்பிடுகிறாய்? அக்காவுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறேன் என்றால் போஸ்ட் ஆபீஸில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நானாக எழுதவில்லை, அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். கோட்டை மலை அடிவாரத்தில் வைத்த கொய்யா இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கிளியும் மைனாவும் காயிலேயே கொத்துகின்றன. கீழ்க்கொல்லை வேர்க்கடலையில் மயில் இறங்குகிறது. பக்கத்துக் கொல்லை வீரமணி, "மருந்து வெச்சுட்டா ஒரே நாள்ல தீர்ந்துடும்" என்கிறார். எது பயிரைக் கெடுக்கிற பறவை, எது கைவைக்கக் கூடாத பறவை என்று தெரிந்துகொண்டுதான் எதையும் செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாக நிற்கிறார். "வளரைக் கேளு. அதுக்குத் தெரியாத பட்சியா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெயரை அவர் ஒருநாளும் இப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. போகட்டும்.

புதிதாக ஒரு ஜோடி மலையிலிருந்து தோப்புக்கு இறங்கி வருகிறது. கொண்டைக்குருவி அளவு இருக்கும். உடம்பு சாம்பல் கலந்த பச்சை, வாலடியில் கொஞ்சம் மஞ்சள். இவர் காலையில் காபியை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனால் தம்ளர் காய்ந்த பிறகுதான் திரும்புகிறார். அது என்ன பறவை, கெடுதல் செய்யுமா என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சுமலதா

*

முகாம்,
25 ஜூன் 2025

அன்புள்ள சுமா,

உன் கடிதம் ஓரமெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தது. எனக்கு அட்டைக்கடியைத் தவிர ஒரு குறையும் இல்லை. சோறும் பருப்பும் கிடைக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை ஜீப் கீழே போகும், அதில்தான் தபால். அத்தையைத் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்.

வீரமணி அண்ணன் மருந்தைத் தொடவே கூடாது. மயில் பாதுகாப்புப் பட்டியலில் முதல் வரிசை. அது செத்தால் கொல்லைக்காரர்தான் ஜெயிலுக்குப் போவார். முன்பு சட்டத்தில் நாசம் செய்பவை என்று தனிப் பட்டியல் ஒன்று இருந்தது. பறவைகளில் காக்கா மட்டும்தான் அதில் இருந்தது. இப்போது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். கிளி, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் பழத்தைக் கெடுக்கும், ஆனாலும் விரட்டலாமே தவிரக் கொல்லக் கூடாது. கரிச்சான் உட்காரத் தோப்பில் குச்சி நட்டுவையுங்கள், புழுவைப் பிடித்துத் தின்னும். ராத்திரியில் கூகை வந்தால் அபசகுனம் என்று அத்தை கல்லெடுப்பாள். விடாதே, எலிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

அந்த ஜோடியைப் பற்றி மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் இருக்கிறதா? இரண்டு, தொண்டை என்ன நிறம்? மூன்று, புதருக்குள் ஒளிகிறதா, பாறை மேல் வந்து உட்கார்கிறதா? மூன்றையும் நன்றாகப் பார்த்து எழுது. எழிலன் மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வளர்மதி

*

செஞ்சி,
14 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். உன் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிப் பார். அத்தை இப்போது நாற்காலியில்தான் உட்காருகிறாள். அதுவும் நீ சொன்னாய் என்பதால். நான் அதே விஷயத்தைச் சொன்னபோது, "நீ இன்னாடி டாக்டரா" என்று கேட்டாள். மலையில் திரிகிற பெண் வேண்டாம் என்று உன்னைத் தள்ளிவிட்டு என்னை எடுத்த அதே அத்தைதான்.

உன் கடிதத்தை இவர் இரண்டு தரம் படித்தார். நான் எழுதித் தரும் மளிகைச் சீட்டை ஒரு தரம்கூட முழுதாகப் படித்ததில்லை. எப்போதும் புளியை விட்டுவிட்டு வருவார். கரிச்சானுக்குக் குச்சி நட்டாகிவிட்டது. வீரமணியின் வீட்டுக்குப் போய், ஜெயில் என்று நீ எழுதியதை வாசித்தும் காட்டிவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். வெள்ளைப் புருவம் ஒன்றும் கிடையாது, முகம் மொழுமொழுவென்று இருக்கிறது. புதருக்குள்ளும் போகிறது, ஆனால் பெரும்பாலும் பாறை மேல் உட்கார்ந்துதான் கத்துகிறது. கொய்யாப் பழத்தைத் தின்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"படிக்கும்போது வளரு இந்த மலையில எதையோ தேடிக்கிட்டே இருக்கும், நான்தான் தண்ணி தூக்கினு போவேன்" என்று இவர் அத்தையிடம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் மேலே ஏறுவீர்கள், நான் அடிவாரத்தில் சைக்கிளுக்குக் காவல். இந்தச் சின்ன விஷயத்துக்காக லீவு போட்டு அவ்வளவு தூரத்திலிருந்து நீ வர வேண்டாம். பேரை மட்டும் எழுதினால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு.
சுமலதா

*

முகாம்,
2 ஆகஸ்ட் 2025

சுமா,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜீப் கிளம்பப் போகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அது வெண்புருவச் சின்னான், கொண்டைக்குருவி இனம்தான். நம் பக்கத்து முட்காடு எங்கும் உண்டு, அபூர்வமான பறவை இல்லை. பழம் தின்னத்தான் செய்யும். தோப்புக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். நான் வர வேண்டிய அவசியமே இல்லை.

அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

வளர்மதி

*

செஞ்சி,
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

சௌக்கியம்தானே? உன் கடிதம் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே கோட்டையை உலகப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் கால்வைக்க இடமில்லை. கொய்யாவை ரோட்டோரத்தில் கூறு கட்டி வைத்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

வலை கட்டியாகிவிட்டது. மரக்காணத்தில் பழைய மீன்வலை மலிவாகக் கிடைத்தது. மரத்துக்கு மரம் போர்த்தி ஓரத்தைத் தொங்கவிட்டிருக்கிறோம். இவர் முதலில் தயங்கினார். "மீனுக்குப் போட்ற வலைடா இது, பட்சி மாட்டினா எப்பிடி எடுப்பே" என்று அத்தையும் கேட்டாள். "வளரே போடச் சொல்லிட்டா போட்டுடலாம்" என்று கடைசியில் இவரே ஏணி வைத்துக் கட்டினார். நான் கேட்டு நடக்காதது, நீ ஒரு வரி எழுதினால் நடக்கிறது.

தினமும் விடிந்ததும் கத்தரிக்கோலோடு போய், மாட்டிக்கொண்ட கொண்டைக்குருவிகளை ஒவ்வொன்றாக நூலறுத்துப் பறக்க விடுகிறார். கையெல்லாம் கொத்து வாங்கிய காயம். மஞ்சள் வைத்துவிடப் போனால் கையை இழுத்துக்கொள்கிறார். நீ வந்து வைத்துவிட்டால் காட்டுவாரோ என்னவோ. விளையாட்டுக்குத்தான் எழுதினேன், வந்துவிடாதே.

சுமலதா

*

செஞ்சி,
21 செப்டம்பர் 2025

வளர்மதிக்கு எழிலன் எழுதுவது.

உடம்பு நன்றாக இருக்கிறதா? இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். நான் உனக்குத் தனியாக எழுதுவது சுமலதாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னவோ என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் உன்னைத் தவிர யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

நேற்றுக் காலையில் அந்த மலைப்பறவை ஜோடியில் ஒன்று வலையில் மாட்டியிருந்தது. நான் போவதற்குள் செத்துவிட்டது. இவ்வளவு நாளும் தூரத்திலிருந்து பார்த்ததைக் கையில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்ன வெண்புருவச் சின்னான் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைப் புருவம் இல்லை. தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள், நெஞ்சு சாம்பல். தொண்டை மஞ்சள் என்று ஆரம்பத்திலேயே சுமலதாவிடம் சொல்லியிருந்தேன், உனக்கு எழுதியிருக்கும்.

நீ படிக்கும் காலத்தில் மலையில் தேடிய பறவைக்கும் மஞ்சள் தொண்டை என்று சொன்ன ஞாபகம். அதுவாக இருக்குமா? அப்படியானால் நான் பெரிய தப்புச் செய்துவிட்டேன். வலையை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். பழம் போனால் போகட்டும். செத்ததைத் துணியில் சுற்றி வனத்துறை ஆபீசுக்கு எடுத்துப்போய் நடந்ததைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இன்னொரு பறவை பாறையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கிறது.

இப்படிக்கு,
எழிலன்

*

முகாம்,
12 அக்டோபர் 2025

சுமலதா,

நீ சுகமா, நான் சுகமா என்றெல்லாம் எழுத இன்று மனம் வரவில்லை. மாமா எனக்கு எழுதியிருக்கிறார். செத்தது மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவில் சில பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நம் மலையில் நான்கு வருஷம் அதைத் தேடினேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், எனக்கு மட்டும் குரல்தான் கிடைத்தது. நம் வீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் அதன் படத்தை ஒட்டிவைத்திருந்தேன். தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் நீ ஸ்கூல் யூனிபாரம் எடுத்தாய்.

தொண்டை என்ன நிறம் என்று கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் மூன்றுக்கும் பதில் எழுதினாய், இரண்டாவதை விட்டுவிட்டாய். மாமா உன்னிடம் சொல்லியிருக்கிறார். தெரிந்தே மறைத்திருக்கிறாய். ஏன்?

வளர்மதி

*

செஞ்சி,
8 நவம்பர் 2025

அக்கா,

அவர் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதியதை உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட என்னிடம் சொல்ல மறக்கிற மனிதர், உனக்கு உட்கார்ந்து கடிதம் எழுதி, பிசின் தடவி, ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறார்.

ஏன் என்று கேட்டாய், சொல்கிறேன். அந்தப் பறவையை முதல் நாளே எனக்குத் தெரியும். தொண்டை மஞ்சள் என்று எழுதியிருந்தால் அடுத்த ரயிலில் நீ வந்து இறங்கியிருப்பாய். பழையபடி நீங்கள் இரண்டு பேரும் மலை ஏறுவீர்கள். அவர் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருவார், நீ சொல்கிற ஒவ்வொரு பெயருக்கும் வாய் பிளந்து நிற்பார். நான் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடப்பேன். உனக்கென்று பேசிவைத்த முறைமாப்பிள்ளை. எம்.எஸ்சி முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்று நீ சொன்னதும், அதையே சாக்காக வைத்து அத்தை என் பக்கம் திருப்பிவிட்டாள். உனக்கு வேண்டாததைக் கட்டிக்கொண்டு வாழ்கிறேன் என்று ஒருநாளாவது எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

ஆனால் நீ மட்டும் யோக்கியமாகக் கேள்வி கேட்காதே. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் புருவம் கிடையாது என்று ஜூலையில் தெளிவாக எழுதினேன். புருவமே இல்லாத பறவைக்கு வெண்புருவச் சின்னான் என்று நீ பெயர் எழுதினாய். நான் எட்டாங்கிளாஸ் பரீட்சையில்கூட இப்படி எழுதியதில்லை. நீயோ அந்தப் பறவைகளைப் படித்துப் பட்டம் வாங்கியவள். வலை போடு என்றவள், இழுத்துக் கட்டு, தொங்கவிடாதே என்று ஒரு வார்த்தை எழுதினாயா? மயிலுக்கும் கூகைக்கும் ஒரு பக்கம் எழுதினாயே. உனக்கும் தெரியும் அக்கா.

இவர் செத்த பறவையை வனத்துறை ஆபீசுக்கு எடுத்துப்போனார். எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், மேலே என்ன செய்வார்களோ தெரியாது. வலை போடலாம் என்று யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். "நானாத்தான் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். உன் பெயரை எடுக்கவே இல்லை. வளரு வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று அத்தையிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. இதையும் எழுத வேண்டியது என் கடமை.

சுமலதா

*

முகாம்,
1 டிசம்பர் 2025

சுமா,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்து போனது. அம்மாவின் சர்க்கரைக்கு மாத்திரை மாற்றினார்களா என்று எழுது.

தெரியும். நீ முகத்தில் புருவம் இல்லை என்று எழுதிய அன்றே தெரியும். இரண்டாவது பதிலை ஏன் விட்டாய் என்றும் புரிந்தது. அப்போதே உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கப் பேனாவை எடுத்தேன். நான்கு வருஷம் வெயிலில் ஏறி இறங்கியும் எனக்குக் காட்டாத பறவை, உன் தோப்புக்குத் தானாக இறங்கி வந்திருக்கிறது. காபி குடித்துக்கொண்டு அதை அவர் பார்க்கிறார், நீ சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறாய். செஞ்சித் தோப்பில் அதைக் கண்டது உன் வீட்டார் என்று நானே என் கையால் எங்கள் பறவை ஆய்வு ஆட்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். என்னால் முடியவில்லை. வீடு, பிள்ளைகள், அவர், எல்லாம் உனக்கு. அதுவுமா என்று வந்துவிட்டது. சாதாரணப் பறவை என்று எழுதினேன். எழுதியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. வலையில் மாட்டும் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் நம்புவாயா? அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

ஜனவரிக்கு லீவு கேட்டிருந்தேன், கொடுத்துவிட்டார்கள். ஆனால் வருவேனா என்று தெரியவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாமாவிடம் மட்டும் சொல்லாதே. என்னை எல்லாம் தெரிந்தவள் என்று நினைக்கிற ஒரே மனிதர் அவர்.

வளர்மதி

*

செஞ்சி,
4 ஜனவரி 2026

அக்கா,

காய்ச்சல் முழுதாக விட்டதா? அம்மாவுக்கு மாத்திரை மாற்றி, இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்து முடித்தோம்.

அவரிடம் சொல்லிவிட்டேன். பதறாதே, என் பங்கை மட்டும்தான் சொன்னேன். "தொண்டை மஞ்சள்னு நீ சொன்னத நான் அக்காவுக்கு எழுதல. தெரிஞ்சா அக்கா கெளம்பி வந்துடும்னுதான் எழுதல" என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் காட்டி முடித்தார். பிறகு, "தெரிஞ்சா செஞ்சே?" என்று ஒன்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறார், கொல்லைக்குப் போகிறார், பிள்ளைகளிடம் பேசுகிறார். வனத்துறையில் கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் உரிமைகூட எனக்குப் போய்விட்டது.

உன்னைப் பற்றி அத்தையிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம் வளரு. சரியா எழுதிக் கேட்டிருந்தா அது சரியாச் சொல்லியிருக்கும்." நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியும் என்று நீ ஒத்துக்கொண்ட டிசம்பர் மாதக் கடிதம் என் பெட்டியில்தான் இருந்தது. எடுத்துவந்து அவர் முன்னால் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? போடவில்லை. உன் மேல் இரக்கப்பட்டுப் போடாமல் இருக்கவில்லை. நான் காட்டினால் அது கோள் சொன்னதாகிவிடும். அதற்கும் என் மேல்தான் கோபப்படுவார், உன் பக்கம் அப்போதும் கொஞ்சம் இரக்கம் மிச்சம் வைப்பார்.

அந்த ஒற்றைப் பறவை இப்போது தோப்புக்கு வருவதில்லை. மலை மேல் குரல் கேட்கிறது என்று வீரமணி சொன்னார்.

லீவு கிடைத்தும் வராமல் இருந்துவிடாதே. பொங்கல் கழிந்ததும் வா. நானே விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து உன் பங்கை நீயே சொல். எனக்கு வந்ததெல்லாம் உனக்கு வர வேண்டியது என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்தாய்? இந்த வீட்டில் அவர் பேசாமல் இருப்பதில் பாதி உன்னுடையது. அதையும் நானே வைத்துக்கொள்ள முடியாது அக்கா, வந்து வாங்கிக்கொள்.

உன் தங்கை,
சுமலதா